துணைக்கு வருபவர்கள்: இளைஞர் வழித்துணைத் திட்டம் தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பையன் மூன்று சனிக்கிழமை நூலக வாசலில் காத்திருந்தான். 14 வயது. நாங்கள் அவனுக்கு ஏற்பாடு செய்திருந்த தன்னார்வலர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அதைப் பையனிடம் யார் சொல்வது என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளவே இல்லை. நான் சொல்லியிருப்பேன் என்று கூட இருந்தவர் நினைத்தார், அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான்காவது வாரம் நூலகர்தான் கூப்பிட்டார்: “அந்தப் பையனை இன்னும் எத்தனை வாரம் இங்க உட்கார வைப்பீங்க?”

அதுவரை நாங்கள் பெருமையோடு எண்ணிக்கொண்டிருந்தது எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை. எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த இரண்டாவது எண்ணிக்கைக்காக.

ஒரு சொல் பற்றி முதலில். மென்டர் என்பதற்கு ‘வழிகாட்டி’ என்றே எழுதுகிறோம். ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்த உடனே ஆட்கள் விரலை நீட்டி வழி காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அறிவுரை, இலக்கு, நேர மேலாண்மை என்று போகிறது பேச்சு. நான் ‘வழித்துணை’ என்று சொல்கிறேன். இருட்டில் தெருமுனை வரை போக வேண்டியிருந்தால் “துணைக்கு வர்றியா?” என்று கேட்போமே, அந்தத் துணை. கூட வருபவருக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஏன் நீடிப்புக்கு இத்தனை முக்கியத்துவம்

1904இல் நியூயார்க்கின் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்டர், தன் மேசையைத் தாண்டிப் போகும் பையன்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், ஒரு கூட்டத்தில் பேசும்போது ஆளுக்கு ஒரு பையனுக்குத் துணையாக இருக்க முடியுமா என்று கேட்டார். அங்கிருந்தவர்கள் முன்வந்தார்கள். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த பிக் பிரதர்ஸ் அமைப்பு, தனியே வளர்ந்த பிக் சிஸ்டர்ஸ் அமைப்போடு 1977இல் ஒன்றானது.

அந்த அமைப்பை வைத்து 1995இல் வெளியான ஆய்வைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே துணை கொடுத்தார்கள். மற்றப் பகுதி காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, துணை கிடைத்தவர்கள் போதைப்பொருளைப் புதிதாகத் தொடும் வாய்ப்பு 46 சதவீதமும், மதுவைத் தொடும் வாய்ப்பு 27 சதவீதமும் குறைவாக இருந்தது. போதைக்கு எதிராக வகுப்பு எடுப்பது அங்கே துணைவர்களின் வேலையே இல்லை. ஒருவரோடு ஒருவர் நேரம் செலவழித்தார்கள், அவ்வளவுதான். 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் மாதம் மூன்று முறை சந்தித்தன. ஒவ்வொரு சந்திப்பும் மூன்று, நான்கு மணி நேரம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிப்பாக இருக்கும். அதே தரவுகளை ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் மறுபடி அலசினார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் சுயமதிப்பும், படிப்பில் தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்திருந்தன. அதாவது, பாதியில் விட்டுப்போன துணை, துணையே இல்லாததைவிட மோசம். நூலக வாசலில் நான் பார்த்ததும் அதுதான்.

படி 1: ஆள் தேடும் முன் கணக்குப் போடுங்கள்

யாருக்காக? எந்த வயது? எங்கே சந்திப்பார்கள்? எவ்வளவு நேரம்? எத்தனை மாதம்? இந்த ஐந்துக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிட்டு அப்புறம் ஆள் தேடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் 8 அல்லது 10 ஜோடிகளுக்கு மேல் போக வேண்டாம். காலம் குறைந்தது ஒரு வருடம். பள்ளியோடு சேர்ந்து நடத்தினால் ஒரு முழுக் கல்வியாண்டு.

பெரும்பாலானவர்கள் மறக்கும் கணக்கு ஒருங்கிணைப்பாளரின் நேரம். 10 ஜோடி என்றால், தன்னார்வலர், இளைஞர், வீட்டுப் பெரியவர் என மூன்று மூன்றாக 30 பேர். இப்படிப்பட்ட திட்டங்களுக்கு வழிமுறை வகுக்கும் அமெரிக்காவின் மென்டார் அமைப்பு வெளியிட்ட தர விதிகள், முதல் மாதம் இரண்டு முறையும் அதன் பின் மாதம் ஒரு முறையும் தன்னார்வலரோடும் இளைஞரோடும் தொடர்புகொள்ளச் சொல்கின்றன. வீட்டாரோடும் அதே அளவில் பேசுவது என் பழக்கம். ஓர் அழைப்புக்கு 15 நிமிடம் என்றாலே முதல் மாதம் 15 மணி நேரம் ஆகிறது. கூப்பிட்டு எடுக்காத அழைப்புகளும் குறிப்பு எழுதும் நேரமும் தனி. அந்த நேரம் யாரிடமும் இல்லையென்றால், ஜோடிகளைக் குறையுங்கள். ஐந்து ஜோடியை ஒழுங்காக நடத்துவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படி 2: தன்னார்வலர்களைத் தேடுதல்

“ஒரு குழந்தையின் வாழ்க்கையை மாற்றுங்கள்” என்று சுவரொட்டி ஒட்டினால் கூட்டம் வரும். வந்த கூட்டம் இரண்டாவது மாதம் கலைந்தும் போகும், ஏனென்றால் இரண்டாவது மாதத்தில் எந்த வாழ்க்கையும் மாறியிருக்காது. நான் இப்போது கஷ்டத்தை முதலில் சொல்கிறேன்: “வாரம் ஒரு மணி நேரம், ஒரு வருடம். முதல் இரண்டு மாதம் அந்தப் பிள்ளை உங்களிடம் சரியாகப் பேசாது. நன்றி சொல்லாது. சில நாள் வராது. நீங்கள் வர வேண்டும்.” இதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். நல்லது. அவர்கள் பின்வாங்க வேண்டிய இடம் இதுதான்.

பின்வாங்கியவர்களை விட்டுவிடாதீர்கள். வாரா வாரம் வர முடியாதவரால் வேறு எவ்வளவோ முடியும். சந்திப்புக்கு இடம் கொடுக்கலாம், கணக்கு எழுதலாம், பிள்ளைகளை வண்டியில் அழைத்து வரும் பெற்றோருக்கு உதவலாம், வருடத்தில் ஒரு நாள் தன் தொழிலைக் காட்டலாம். ஜோடி சேர்ந்தவர்கள் முன்னால் தெரிவார்கள். அவர்களைத் தாங்குவது இந்தப் பின்வரிசை. எங்களுக்கு இன்றுவரை உதவியவர்களில் முதலிடம் அந்த நூலகருக்கே. அவர் எந்தப் பிள்ளைக்கும் துணைவராக இருந்ததில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கவனித்துச் சொன்னார், அவ்வளவே.

இன்னொரு வழியும் உண்டு. துணைவரை இளைஞரே தேர்ந்தெடுப்பது. பழைய ஆசிரியர், அக்கம்பக்கத்து அக்கா, விளையாட்டுப் பயிற்சியாளர் என்று தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவரை அவர் சொல்ல, திட்டம் அவரிடம் பேசி, சோதித்து, பயிற்சி கொடுக்கும். பள்ளிப் படிப்பை நிறுத்திய இளைஞர்களுக்காக அமெரிக்காவின் நேஷனல் கார்டு என்ற துணைப் படை நடத்தும் யூத் சேலஞ்ச் திட்டத்தில் இந்த முறைதான். அங்கே தாமே ஆளைத் தேர்ந்தெடுத்தவர்களின் உறவுகள் அதிகம் நீடித்ததாக ஆய்வில் தெரிந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியே, “உனக்குத் தெரிஞ்ச பெரியவங்கள்ல யார்கிட்ட பேசணும்னு தோணும்?” என்பதுதான்.

படி 3: சோதித்துச் சேர்த்தல்

இதில் தயவு தாட்சண்யம் கூடாது. விண்ணப்பம், நேர்காணல், உறவினர் அல்லாத இரண்டு பேரிடம் விசாரணை, உங்கள் நாட்டில் உள்ள சட்டப்படியான குற்றப் பின்னணிச் சோதனை. இந்த நான்கும் எல்லோருக்கும். ஊரில் பெரிய மனிதருக்கும், நிறுவனருடைய தம்பிக்கும், உங்களுக்கும். “அவரை எனக்கு இருபது வருஷமா தெரியும்” என்பது சோதனை ஆகாது. சோதனை என்றதும் கோபித்துக்கொள்பவரைப் பற்றி அந்தக் கோபமே போதிய தகவல்.

நேர்காணலில் “ஏன் வருகிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதில்தான் சொல்வார்கள். “கடைசியாக நீங்கள் ஒப்புக்கொண்டு செய்ய முடியாமல் போன விஷயம் என்ன? அப்போது யாரிடம், எப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த 12 மாதத்தில் வேலை மாற்றம், படிப்பு, குழந்தைப் பேறு ஏதாவது வரவிருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் நூலகப் பையனின் துணைவரிடம் நாங்கள் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் மோசமான மனிதர் இல்லை.

விதிகளைக் கையில் எழுதிக் கொடுங்கள்:

- சந்திப்பு மற்றவர் கண்ணில் படும் இடத்தில். பூட்டிய அறையிலோ துணைவர் வீட்டிலோ இல்லை.
- எங்கே, எப்போது என்பது வீட்டாருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.
- பணம் கொடுக்கல் வாங்கல் இல்லை. பெரிய பரிசுகளும் இல்லை.
- தொலைபேசிச் செய்திகள் சந்திப்பு நேரம் பேச மட்டும். அழிந்துபோகும் செய்தி அனுப்பும் வசதிகள் வேண்டவே வேண்டாம்.
- அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் பதிவிடக் கூடாது.

இதற்கும் மேலே ஒன்று. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எந்தத் துணைவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளை தன்னை யாரோ துன்புறுத்துவதாகவோ, உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுவதாகவோ சொன்னால், பதறாமல் கேட்க வேண்டும். துருவித் துருவி விசாரிக்கக் கூடாது. “நீ சொன்னது நல்லது. உனக்கு உதவ இதை நான் இன்னாரிடம் சொல்லியாக வேண்டும்” என்று நேராகச் சொல்லி, அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். ஆபத்து உடனடியானது என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பின் யாரிடம் புகார் போக வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும். அந்த எண்ணும் அலுவலகமும் முதல் நாளே ஒருங்கிணைப்பாளரின் சுவரில் இருக்கட்டும்.

படி 4: பயிற்சி

குறைந்தது இரண்டு மணி நேரம், ஜோடி சேர்ப்பதற்கு முன். விதிகளைப் படித்துக் காட்டுவதில் இதைத் தீர்த்துவிடாதீர்கள். பாதி நேரமாவது நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் துணைவர், ஒருவர் பதின்ம வயதுப் பிள்ளை. பிள்ளையாக நடிப்பவருக்கு ஒரே கட்டளை: எதற்கும் ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லாதே. நாலே நிமிடத்தில் துணைவர் வியர்த்துவிடுவார். ஐந்தாவது நிமிடம் அறிவுரை தொடங்கிவிடும். மௌனத்தைத் தாங்க முடியாமல் வருவதுதான் பெரும்பாலான அறிவுரை, நான் பார்த்த வரையில்.

“ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்றால் “ம்” வரும். “இன்னைக்கு எந்த பீரியட் சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு?” என்றால் ஒரு வாக்கியமாவது வரும். “ஏன் அப்படிப் பண்ணினே?” குற்றக்கூண்டுக் கேள்வி. “அப்புறம் என்ன ஆச்சு?” கதை கேட்கும் கேள்வி. இந்த வித்தியாசத்தை வாயால் சொல்லிப் பழக வேண்டும்.

அறிவுரை பற்றி இத்தனை சொல்வதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்டின் மாரோவும் மெலனி ஸ்டைல்ஸும் 82 ஜோடிகளை நெருக்கமாகப் பின்தொடர்ந்து, 1995இல் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையின் விருப்பத்துக்கு இடம் கொடுத்து, முதலில் நட்பு, அப்புறம் மற்றதெல்லாம் என்று இருந்த துணைவர்கள் ஒரு வகை. திருத்த வந்தவர்கள், தன் திட்டத்தோடு வந்தவர்கள் இன்னொரு வகை. ஒன்பது மாதம் கழித்து, முதல் வகையில் பத்தில் ஒன்பது ஜோடி இன்னும் சந்தித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வகையில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. வழி காட்டப் போனவர்கள் வழியில் தொலைந்தார்கள்.

படி 5: ஜோடி சேர்த்தல்

ஒத்த விருப்பங்கள், ஒத்துவரும் நேரம், பக்கத்தில் இருக்கும் வீடு. மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் தூரத்தைப் பார்ப்பேன். இருவருக்கும் சதுரங்கம் பிடிக்கும் என்பது அழகுதான். ஒன்றரை மணி நேரப் பயணம் அதை மூன்றே வாரத்தில் தின்றுவிடும்.

முதல் சந்திப்பில் நான்கு பேர்: இளைஞர், வீட்டார், துணைவர், ஒருங்கிணைப்பாளர். அரை மணி நேரம் போதும். அடுத்த நான்கு சந்திப்புகளின் தேதியை அங்கேயே எல்லோரும் குறித்துக்கொள்ளட்டும். ஒத்துவரவில்லை என்று இரண்டு பக்கமும் ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லலாம், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள் என்பதையும் பிள்ளை காதில் விழும்படி சொல்லிவிடுங்கள்.

படி 6: முதல் மூன்று மாதம்

எந்தத் திட்டமும் பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

ஏற்கெனவே சில பெரியவர்கள் வந்து போன வாழ்க்கை என்றால், பிள்ளை உங்களைச் சோதிக்கும். வருவதாகச் சொல்லிவிட்டு வராது. வந்தாலும் காதில் இயர்போன். அதிர்ச்சியாக எதையாவது சொல்லி முகத்தைப் பார்க்கும். அதன் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: நீயும் எப்போது போகப் போகிறாய்?

எனக்குத் தெரிந்த ஒரு துணைவர், அச்சகத்தில் வேலை, அதிகம் பேசத் தெரியாதவர். அவருக்குக் கிடைத்த பையனும் அப்படியே. முதல் ஐந்து வாரம் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனதாகவே என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆறாவது வாரம் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். செயின் கழன்றிருந்தது. இவர் குனிந்து பார்த்தார். எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னார். பையன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரப் பல்லில் செயினை விரலால் பிடித்துக்கொண்டு, “பெடலை மெதுவா பின்னாடி சுத்துங்க” என்றான். இவர் சுற்றினார். மூன்றாவது முயற்சியில் விழுந்தது. இருவர் கையும் கறுப்பு. குழாயடியில் கை கழுவும்போதுதான், வீட்டில் அப்பா திரும்பி வந்துவிட்டதைப் பையன் சொன்னான்.

இந்தக் கதையைப் பயிற்சியில் சொல்லும்போது, “அப்போ நாமளே ஒரு செயின் கழட்டி வைக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். சிரித்தோம். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் பதின்ம வயதில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்று கைவேலை செய்யும்போது, நடக்கும்போது, பந்தைத் தட்டும்போது வார்த்தை தானாக வரும். பிள்ளைக்குத் தெரிந்து துணைவருக்குத் தெரியாத வேலை என்றால் இன்னும் நல்லது.

துணைவரால் ஒரு வாரம் வர முடியாமல் போகலாம். அப்போது முந்தைய நாளே பிள்ளையிடம் தானே சொல்ல வேண்டும், அடுத்த தேதியையும் சேர்த்து. பிள்ளை வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, “இன்று வந்திருந்தேன். அடுத்த வாரம் இதே நேரம் இருப்பேன்” என்று ஒரு செய்தி. குறை சொல்லாமல். அடுத்த வாரம் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

படி 7: துணைவருக்கு யார் துணை?

தன்னார்வலர்கள் சோம்பலால் விலகுவது அபூர்வம். தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணத்தில்தான் விலகுகிறார்கள். அந்தப் பெஞ்சுக்காரர் நான்காவது வாரம் என்னைக் கூப்பிட்டு, “வேற யாராவது நல்லா பேசறவங்களைப் போடுங்க சார்” என்றார். பையன் வருகிறானா என்று கேட்டேன். “வர்றான்.” நேரத்துக்கா? “எனக்கு முன்னாடியே வந்துடறான்.” அப்புறம் என்ன?

மாதாந்திர அழைப்பில் “எல்லாம் நல்லா போகுதா?” என்று கேட்காதீர்கள். “நல்லா போகுது” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். கடைசியாக எந்தத் தேதியில் சந்தித்தீர்கள், என்ன செய்தீர்கள், எது சங்கடமாக இருந்தது, அடுத்தது எப்போது என்று கேளுங்கள். இளைஞரிடமும் தனியாக இதையே கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தவில்லையென்றால் அந்த வாரமே நேரில் போங்கள்.

துணைவர்கள் எல்லோரும் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை கூடிப் பேசுவது நல்லது. பேச்சாளர், மேடை எதுவும் வேண்டாம். “எனக்கும் அப்படித்தான்” என்று இன்னொருவர் சொல்லக் கேட்பதற்காகவே அந்தக் கூட்டம். பிள்ளைகளின் பெயரும் ரகசியமும் அங்கே வரக் கூடாது.

பேருந்துச் செலவைத் திருப்பிக் கொடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு, சொல்லாமலே நின்றுபோனவர்கள் உண்டு.

படி 8: வீட்டார்

தன் பிள்ளையின் வாழ்க்கையில் அந்நியர் ஒருவர் நுழைவது எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் உறுத்தும். ‘நான் சரியாக வளர்க்கவில்லை என்றுதானே இவர்கள் வருகிறார்கள்’ என்ற எண்ணம் உள்ளே ஓடும். அதனால் பிள்ளையைத் தெரிந்தவர் அவர்கள்தான் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள்: எதில் கெட்டிக்காரர், எதற்குப் பயப்படுவார், யார் பேச்சைக் கேட்பார்? துணைவர் வீட்டுச் சண்டையில் நீதிபதி ஆகக் கூடாது. வீட்டார் “இவனுக்கு நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க” என்றால் பணிவாக நழுவிவிட வேண்டும். சந்திப்பைத் தண்டனையாக நிறுத்தக் கூடாது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். மதிப்பெண் குறைந்ததும் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

படி 9: பலன் இருக்கிறதா என்று பார்த்தல்

நல்லெண்ணம் கெடுதல் செய்யாது என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1939 முதல் 1945 வரை பையன்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுக்க, கேம்பிரிட்ஜ்–சாமர்வில் என்ற பெரிய முயற்சி நடந்தது. மொத்தம் 506 பையன்கள், அதில் பாதிப் பேருக்கு ஆலோசகர்கள், வீட்டு வருகைகள், கோடை முகாம்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் தேடிப்போய்ப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் பலர் அது நன்மை செய்தது என்றே சொன்னார்கள். பதிவேடுகள் வேறு சொன்னன. மதுப் பழக்கம், மீண்டும் குற்றம் செய்தல் போன்ற சிலவற்றில் உதவி பெறாத பாதியைவிட அவர்கள் மோசமாக இருந்தார்கள்.

சிறிய குழுவால் குலுக்கல் ஆய்வு நடத்த முடியாது. எண்ணக்கூடியதை எண்ணலாம்: குறித்த சந்திப்புகளில் எத்தனை நடந்தன, ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் எத்தனை ஜோடி இருக்கின்றன, ஏன் முறிந்தன, முறிந்த பின் பிள்ளையிடம் யார் பேசினார்கள். புகைப்படங்களையும் நெகிழ்ச்சியான கடிதங்களையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 10: முடித்து வைத்தல்

ஒரு வருடம் முடிந்ததும் தொடரலாமா, நிறுத்தலாமா என்று இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். நிறுத்துவதென்றால் குறைந்தது மூன்று சந்திப்புக்கு முன்பே பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கடைசி நாளில் இருவரும் சேர்ந்து செய்ததை நினைத்துப் பேசட்டும். துணைவர் அந்தப் பிள்ளையிடம் தான் கண்ட ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். “நீ நல்ல பையன்” பயன்படாது. “எனக்குத் தெரியலைன்னு சொன்னப்ப நீ கேலி பண்ணாம கத்துக்கொடுத்தே” என்பது பயன்படும். இனி தொடர்பு உண்டா, எப்படி என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முடியாததை “பார்க்கலாம்” என்று இழுக்கக் கூடாது.

இடையில் விலக நேர்ந்தாலும் கடைசிச் சந்திப்பு ஒன்று வேண்டும். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில், காரணத்தோடு. அந்தக் காரணம் பிள்ளை அல்ல என்பது வாய் திறந்து சொல்லப்பட வேண்டும். துணைவர் வராவிட்டால் ஒருங்கிணைப்பாளர் போக வேண்டும், அந்த வாரமே. எங்கள் படிவத்தில் இப்போது “பிள்ளையிடம் சொல்லப்போவது யார், எந்தத் தேதியில்?” என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது நிரம்பாமல் எந்த ஜோடியின் கோப்பையும் மூட முடியாது.

நூலகர் கூப்பிட்ட அன்று மாலை நான் போனேன். பையன் வாசலில்தான் இருந்தான். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டது, “அவருக்குப் புது வேலை நல்லா இருக்கா சார்?”